குடும்ப நீதிமன்ற உத்தரவை எதிர்த்து உயர் நீதிமன்றம் செல்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டுக் குடும்ப நீதிமன்றங்களில் வழக்கு நடத்துகிறவர்கள் தீர்ப்புக்குப் பிறகு என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியை ஒட்டியே இருக்கின்றன. வழக்கறிஞராக நான் அதிகம் வருந்துவது வழக்கில் தோற்றவர்களைப் பார்த்து அல்ல. நல்ல வழக்கைக் கையில் வைத்துக்கொண்டு, தீர்ப்புக்குப் பிந்தைய முதல் சில வாரங்களை உறவினர் பஞ்சாயத்திலும் கண்ணீரிலும் கழித்துவிட்டுத் தாமதமாக வந்து நிற்பவர்களைப் பார்த்துத்தான். அதனால் நாள் கணக்கைப் பற்றிய பதில்கள் சற்று நீளமாக இருக்கும்.

தீர்ப்பு எனக்கு எதிராக வந்துவிட்டது. மேல்முறையீடு செய்ய எனக்கு உரிமை இருக்கிறதா, நீதிமன்றம் அனுமதி தர வேண்டுமா?

உரிமை இருக்கிறது. 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின் 19ஆம் பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. சட்டப் பிழையை மட்டுமல்லாமல், சாட்சியத்தை நீதிபதி எடைபோட்ட விதம் தவறு என்றும் வாதிடலாம். இந்த மேல்முறையீட்டை உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் கொண்ட அமர்வு விசாரிக்கும்.

மூன்று வகை உத்தரவுகளுக்கு இந்த வழி அடைக்கப்பட்டிருக்கிறது: வழக்கின் நடுவே பிறப்பிக்கப்படும் இடைக்கால உத்தரவு, இரு தரப்பும் சம்மதித்துப் பெற்ற உத்தரவு, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட ஜீவனாம்ச உத்தரவு. இவற்றுக்கு வேறு வழிகள் உண்டு. கீழே தனித்தனியாகச் சொல்கிறேன்.

கையில் இருக்கும் உத்தரவு எந்த வகை என்றே எனக்குத் தெரியவில்லை. எப்படிக் கண்டுபிடிப்பது?

முதல் பக்கத்தின் மேலே இருக்கும் வழக்கு எண்ணைப் பாருங்கள். எச்.எம்.ஓ.பி. அல்லது ஓ.பி. என்று இருந்தால் அது விவாகரத்து, சேர்ந்து வாழக் கோருதல் போன்ற மூல மனு. அதில் வந்த இறுதித் தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் சி.எம்.ஏ. எனப்படும் மேல்முறையீடு போட வேண்டும். ஜி.டபிள்யூ.ஓ.பி. என்றால் குழந்தையின் பாதுகாவலர் தொடர்பான மனு. அதன் இறுதி உத்தரவுக்கும் மேல்முறையீடுதான்.

எம்.சி. என்று இருந்தால் அது குற்றவியல் நடைமுறைச் சட்டப்படியான ஜீவனாம்ச வழக்கு. அதற்கு கிரிமினல் சீராய்வு மனு. ஐ.ஏ. என்று இருந்தால் மூல வழக்கின் உள்ளே போடப்பட்ட இடைமனு. அதற்குப் பெரும்பாலும் சி.ஆர்.பி. எனப்படும் சீராய்வு மனு. மேல்முறையீடு என்ற ஒரே சொல்லால் எல்லாவற்றையும் குறிப்பிடுவதால்தான் குழப்பம் வருகிறது. வழக்கறிஞரைப் பார்க்கப் போகும்போது கதையைச் சொல்வதற்கு முன் இந்த எண்ணைச் சொல்லுங்கள்.

சென்னைக்குப் போக வேண்டுமா, மதுரைக்கா?

தீர்ப்பு சொன்ன நீதிமன்றம் எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நீங்கள் இப்போது எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது அல்ல. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004 ஜூலையில் தொடங்கியது. மதுரை, திண்டுக்கல், தேனி, ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி, திருச்சி, கரூர், புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்ட வழக்குகள் அங்கே போகும். மற்ற மாவட்டங்களுக்குச் சென்னை.

எத்தனை நாளுக்குள் போட வேண்டும்? ஒருவர் 30 நாள் என்கிறார், இன்னொருவர் 90 நாள் என்கிறார்.

இருவரும் சட்டத்தைப் படித்துத்தான் சொல்கிறார்கள். குடும்ப நீதிமன்றங்கள் சட்டம் தீர்ப்பு தேதியிலிருந்து 30 நாள் என்கிறது. இந்து திருமணச் சட்டத்தின் 28ஆம் பிரிவிலும் முதலில் 30 நாள்தான் இருந்தது. தொலைதூரத்திலிருந்து வரும் பெண்களுக்கு அது போதாது என்ற கவலையை உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் வெளிப்படுத்தியது. அதன் பிறகு 2003இல் அந்தப் பிரிவு 90 நாள் என்று திருத்தப்பட்டது. குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தை மட்டும் யாரும் திருத்தவில்லை. இந்து திருமண வழக்குகளில் 90 நாள்தான் பொருந்தும் என்று மும்பை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2016இல் தீர்ப்பளித்தது. சிறப்புத் திருமணச் சட்டத்திலும் மேல்முறையீட்டுக்கு 90 நாள் என்றே இருக்கிறது.

நான் எல்லோருக்கும் சொல்வது 30 நாள். 90 நாள் பொருந்தாது என்ற வாதத்தை எதிர்த்தரப்பு கிளறிவிட இடம் தருவானேன்? 30 தாண்டி 90க்குள் வருகிறீர்கள் என்றால், 90 நாள் பொருந்தும் என்று மனுவிலேயே எழுதி, கூடவே ஒரு தாமத மன்னிப்பு மனுவையும் போட்டுவிடுவது பாதுகாப்பு. கிறிஸ்தவ, இஸ்லாமியத் திருமண வழக்குகளில் 30 நாளைத் தாண்டவே தாண்டாதீர்கள்.

தீர்ப்பு காப்பி கிடைக்கவே ஒரு மாதம் ஆகிறதே. அதற்குள் நாள் போய்விடாதா?

போகாது, நீங்கள் காப்பி மனுவை உடனே போட்டிருந்தால். காலவரையறைச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி, தீர்ப்பு சொன்ன அந்த நாளும், சான்றிட்ட நகல் பெறத் தேவைப்பட்ட நாள்களும் கணக்கிலிருந்து கழிக்கப்படும். இங்கே பலர் தவறவிடும் நுட்பம் ஒன்று உண்டு. காப்பி மனு போட்ட நாளிலிருந்துதான் கழிவு தொடங்கும். இருபது நாள் சும்மா இருந்துவிட்டு மனு போட்டால் அந்த இருபது நாளும் உங்கள் கணக்கில் போய்விட்டன. தீர்ப்பாணை (தீர்ப்பின் முடிவை முறைப்படி எழுதும் டிக்ரி) தயாராகவில்லை என்று காத்திருந்து, அதன் பிறகு மனு போட்டாலும் அப்படித்தான்.

கையில் வந்த சான்றிட்ட நகலில் முத்திரையிட்ட இடத்தைப் பாருங்கள். மனு போட்ட தேதி, கட்டணம் கேட்ட தேதி, கட்டணம் கட்டிய தேதி, நகல் தயாரான தேதி, நகல் கொடுத்த தேதி என்று வரிசையாகக் கையால் எழுதியிருப்பார்கள். உயர் நீதிமன்றப் பதிவகம் இந்தத் தேதிகளை வைத்துத்தான் கணக்குப் போடும். கட்டணம் கட்டச் சொல்லி அறிவிப்புப் பலகையில் போட்ட பிறகு நீங்கள் பத்து நாள் கழித்துக் கட்டினால், அந்தப் பத்து நாள் கழியாது. தயாரான நகலை வாங்காமல் விட்டுவைத்தாலும் கழியாது. அதனால் காப்பிப் பிரிவின் பலகையை இரண்டு நாளுக்கு ஒருமுறை யாராவது போய்ப் பார்த்துவர ஏற்பாடு செய்யுங்கள். விவாகரத்து வழங்கப்பட்ட வழக்கில் இரு தரப்புக்கும் தீர்ப்பாணையின் ஒரு நகலை இலவசமாகத் தர வேண்டும் என்று இந்து திருமணச் சட்டத்தின் 23ஆம் பிரிவு சொல்கிறது. அதையும் கேட்டு வாங்குங்கள்.

கடைசி நாள் கோடை விடுமுறையில் விழுந்தால், நீதிமன்றம் திறக்கும் முதல் நாளில் தாக்கல் செய்யலாம். இரண்டாவது நாள் அல்ல.

நாள் கடந்துவிட்டது. எல்லாம் முடிந்ததா?

முடியவில்லை. காலவரையறைச் சட்டத்தின் 5ஆம் பிரிவின் கீழ் தாமதத்தை மன்னிக்கக் கோரலாம். போதிய காரணம் இருந்ததா என்பதே கேள்வி. பிரசவம், அறுவை சிகிச்சை, பெற்றோரின் மரணம், முன்பிருந்த வழக்கறிஞர் தகவல் சொல்லாமல் விட்டது போன்றவற்றை ஆதாரத்தோடு காட்டினால் நீதிமன்றங்கள் பரிவோடுதான் பார்க்கின்றன. மருத்துவமனை டிஸ்சார்ஜ் சீட்டு, கடிதம், பயணச் சீட்டு என எது இருந்தாலும் இணையுங்கள். "உடல்நலம் சரியில்லை" என்ற ஒற்றை வரியை எந்த நீதிபதியும் நம்பக் கடமைப்பட்டவர் அல்ல.

தாமத மனு அனுமதிக்கப்பட்ட பிறகுதான் மேல்முறையீட்டுக்கே எண் கிடைக்கும். அந்த இடைவெளியில் எதிர்த்தரப்பு மறுமணம் செய்துகொண்டால் என்ன ஆகும் என்பதை, மறுமணம் பற்றிய பதிலில் படியுங்கள்.

எனக்கு நோட்டீஸே வரவில்லை. நான் இல்லாமலேயே அவருக்கு விவாகரத்து கொடுத்துவிட்டார்கள். இதற்கும் உயர் நீதிமன்றம்தானா?

பெரும்பாலும் வேண்டாம். ஒருதலைப்பட்சத் தீர்ப்புக்கு அதே குடும்ப நீதிமன்றத்தில் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 9, விதி 13இன் கீழ் மனு போட்டு, தீர்ப்பை நீக்கி மறுபடி விசாரிக்கக் கேட்கலாம். காலக்கெடு 30 நாள். அழைப்பாணை முறைப்படி சார்வு செய்யப்படவில்லை, அதாவது உங்களிடம் சேர்க்கப்படவில்லை என்றால், தீர்ப்பைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து 30 நாள். அதனால் எப்போது, யார் மூலம் தெரிந்தது என்பதைத் தேதியோடு குறித்து வையுங்கள்.

மேல்முறையீடு செய்யவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் மேல்முறையீடு தள்ளுபடியாகிவிட்டால் அதன் பிறகு கட்டளை 9, விதி 13 மனுவை நடத்த முடியாது. நோட்டீஸ் வரவில்லை என்பதுதான் உங்கள் வாதம் என்றால் கீழ் நீதிமன்றத்திலேயே தொடங்குங்கள். அந்த மனு தள்ளுபடியானாலும் மேலே போக வழி இருக்கும். ஜீவனாம்ச வழக்கில் ஒருதலைப்பட்ச உத்தரவை நீக்கக் கேட்க மூன்று மாத அவகாசம் உண்டு.

மேல்முறையீடு போட்டாலே தீர்ப்பு நின்றுவிடும் அல்லவா?

நிற்காது. இந்தத் தவறான நம்பிக்கையால் சம்பளம் ஜப்தியானவர்களும் உண்டு. மேல்முறையீட்டோடு தனியாக இடைக்காலத் தடை கேட்டு மனு போட வேண்டும். நீதிமன்றம் தடை கொடுத்தால்தான் தடை. பணம் கட்டச் சொல்லும் உத்தரவாக இருந்தால், பாக்கியில் ஒரு பகுதியைக் கட்டு என்ற நிபந்தனையோடுதான் பெரும்பாலும் தடை கிடைக்கும். அந்தப் பணத்தைத் தயார் செய்துகொண்டு மனு போடுங்கள். நிபந்தனையை நிறைவேற்றாவிட்டால் தடை தானாகவே விலகிவிடும் என்று உத்தரவிலேயே எழுதியிருப்பார்கள்.

விவாகரத்து கிடைத்துவிட்டது. எப்போது மறுமணம் செய்துகொள்ளலாம்? அவள் அப்பீல் போட்டால் என்ன ஆகும்?

இந்து திருமணச் சட்டத்தின் 15ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது: மேல்முறையீட்டு உரிமை இல்லாதபோது, அல்லது மேல்முறையீடு இல்லாமல் காலக்கெடு முடிந்தபோது, அல்லது போட்ட மேல்முறையீடு தள்ளுபடியானபோது மறுமணம் செய்யலாம். மேலே சொன்ன 30, 90 சிக்கல் இருப்பதால், போட்டியிட்டு நடந்த வழக்கில் குறைந்தது 90 நாளும் நகல் பெற எடுத்த நாள்களும் போகட்டும். பிறகு உயர் நீதிமன்ற இணையதளத்தில் உங்கள் பெயரைப் போட்டு ஏதாவது தாக்கலாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு நாள் குறியுங்கள். பரஸ்பர சம்மத விவாகரத்தில் மேல்முறையீட்டு உரிமையே இல்லாததால் காத்திருக்கும் காலம் கிடையாது.

காலக்கெடு முடிந்து, மறுமணமும் ஆன பிறகு தாமத மன்னிப்போடு மேல்முறையீடு வந்தால்? காலக்கெடுவுக்குள் மேல்முறையீடு வராத நிலையில் நடந்த திருமணத்தை 15ஆம் பிரிவு தடுக்காது என்று 2020இல் கிருஷ்ணவேணி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. மேல்முறையீடு நிலுவையில் இருந்தபோது, சமரசமாகி அதைத் திரும்பப் பெற மனுவும் போட்ட பிறகு நடந்த மறுமணம் செல்லாது என்று ஆகிவிடாது என 2018இல் அனுராக் மிட்டல் வழக்கில் தீர்ப்பளித்தது. இந்தத் தீர்ப்புகள் சிக்கலில் மாட்டியவர்களைக் காப்பாற்ற வந்தவை. மேல்முறையீடு நிலுவையில் இருக்கிறது என்று தெரிந்தே தாலி கட்டுவதற்கு அவை அனுமதிச் சீட்டு அல்ல. வரப்போகும் பெண்ணின் வாழ்க்கையும் அதில் இருக்கிறது.

தீர்ப்பை எதிர்க்க நினைப்பவர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது: மேல்முறையீட்டோடு, விவாகரத்துத் தீர்ப்புக்குத் தடை கேட்கும் மனுவையும் அன்றே போடுங்கள். தாக்கல் செய்ததை எதிர்த்தரப்புக்குப் பதிவுத் தபாலில் உடனே தெரிவியுங்கள். தெரியாது என்று பிறகு சொல்ல முடியாது.

ஜீவனாம்சம் மிகக் குறைவாகப் போட்டுவிட்டார்கள். கூட்டிக் கேட்க அப்பீலா, வேறு மனுவா?

பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவில் இருந்த ஜீவனாம்சம், 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144ஆம் பிரிவாக இருக்கிறது. இந்த உத்தரவுக்கு மேல்முறையீடு இல்லை. 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் கிரிமினல் சீராய்வு. சீராய்வில் சாட்சியங்களை முதலிலிருந்து எடைபோட மாட்டார்கள். உத்தரவு சட்டப்படி சரியா, முறையானதா என்று மட்டும் பார்ப்பார்கள். கணவரின் சம்பளச் சீட்டு கோப்பில் இருந்தும் நீதிபதி அதைக் கவனிக்கவில்லை என்பது நல்ல காரணம். இன்னும் கொஞ்சம் கூட்டித் தந்திருக்கலாம் என்பது பலவீனமான காரணம்.

உத்தரவு வந்தபோது சரியாக இருந்து, பிறகு குழந்தை பள்ளியில் சேர்ந்தது, விலைவாசி ஏறியது, கணவருக்குப் பதவி உயர்வு வந்தது என்றால் சீராய்வு வேண்டாம். அதே குடும்ப நீதிமன்றத்தில் 146ஆம் பிரிவின் கீழ், முன்பு 127ஆக இருந்த பிரிவு, தொகையை மாற்றக் கேளுங்கள். விவாகரத்துத் தீர்ப்போடு இந்து திருமணச் சட்டத்தின் 25ஆம் பிரிவின் கீழ் வந்த நிரந்தர ஜீவனாம்சம் வேறு வகை; அதற்கு முறையான மேல்முறையீடு உண்டு.

எந்த வழியில் போனாலும், ரஜ்னீஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன இரண்டு விஷயங்கள் கோப்பில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலிருந்து கிடைக்க வேண்டும். இவை விடுபட்டிருந்தால் சீராய்வில் அதுவே முதல் காரணம்.

இடைக்கால ஜீவனாம்சம் கட்டச் சொல்லி ஐ.ஏ.வில் உத்தரவு வந்திருக்கிறது. வழக்கு முடியும்வரை பொறுத்திருக்க வேண்டுமா?

வேண்டாம். 19ஆம் பிரிவின் மேல்முறையீட்டு வழி அடைபட்டிருந்தாலும், அரசியலமைப்பின் 227ஆம் கூறின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குக் கண்காணிப்பு அதிகாரம் உண்டு. இந்து திருமணச் சட்டத்தின் 24ஆம் பிரிவு உத்தரவுகள் தமிழ்நாட்டில் வழக்கமாக இப்படித்தான் சி.ஆர்.பி.யாக, தனி நீதிபதி முன் போகின்றன. வேறு சில உயர் நீதிமன்றங்கள் இதை மேல்முறையீடாகவே ஏற்கின்றன. ஆகவே டெல்லி, அலகாபாத் தீர்ப்பை இணையத்தில் படித்துவிட்டு இங்கே அதே முறையை எதிர்பார்க்காதீர்கள்.

குழந்தையை அவரிடம் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். நாளைக்கே கொடுக்க வேண்டுமா? ஆட்கொணர்வு மனு போடலாமா?

உத்தரவில் குறித்த நாளில் கொடுக்க வேண்டும், தடை பெற்றால் தவிர. குழந்தை விஷயத்தில் மட்டும் 30 நாள் அவகாசத்தை நம்பியிருக்காதீர்கள். தீர்ப்பு சொன்ன அன்றே, மேல்முறையீடு செய்ய வசதியாக உத்தரவைச் சில வாரங்கள் நிறுத்திவைக்கும்படி அதே நீதிபதியிடம் மனு கொடுத்துக் கேட்கலாம். குழந்தையை ஒளித்துவைப்பதோ, ஊர் மாற்றுவதோ வேண்டாம். உயர் நீதிமன்றம் முதலில் பார்ப்பது குழந்தையின் நலனை. அடுத்துப் பார்ப்பது உத்தரவை மதித்தவர் யார் என்பதை.

நீதிமன்ற உத்தரவின் பேரில் குழந்தை ஒருவரிடம் இருக்கும்போது அது சட்டவிரோதக் காவல் ஆகாது. ஆட்கொணர்வு மனு எடுபடாது. ஆனால் குழந்தை தொடர்பான எந்த உத்தரவும் என்றைக்குமானது அல்ல. சூழ்நிலை மாறினால் மாற்றக் கேட்கலாம். இரண்டு வயதில் வந்த உத்தரவைப் பத்து வயதுக் குழந்தையின் விருப்பத்தைக் கேட்டு மாற்ற முடியும். நீதிபதிகள் குழந்தையைத் தனியறையில் அழைத்துப் பேசுவது வழக்கம். அதற்கு முன் குழந்தைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்காதீர்கள். சொல்லிக்கொடுத்த வாக்கியம் எது என்பது நீதிபதிகளுக்கு உடனே தெரிந்துவிடும்; அதைவிட, அந்தக் குழந்தைக்கு நீங்கள் செய்யும் தீங்கு பெரிது.

சம்மதத்தில் கையெழுத்துப் போட்டேன். இப்போது ஏமாற்றப்பட்டதாகத் தெரிகிறது. அப்பீல் உண்டா?

சம்மதத் தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லை என்று 19ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு சொல்கிறது. ஆனால் மோசடியாலோ மிரட்டலாலோ பெற்ற சம்மதம் சம்மதமே அல்ல. தீர்ப்பு சொன்ன அதே நீதிமன்றத்தில், நடந்ததைத் தேதி வாரியாக விவரித்து, தீர்ப்பைத் திரும்பப் பெறக் கோர வேண்டும். ஏமாற்றியவர் யார், என்ன சொன்னார், அது எப்படிப் பொய் என்று தெளிவாக எழுத வேண்டும்.

தொகை குறைவு என்று பிறகு தோன்றுவது மோசடி ஆகாது. பல சமரசக் குறிப்புகளில், கடைசிப் பக்கத்துக்கு முந்தைய பக்கத்தில், "எதிர்காலத்தில் எவ்விதக் கோரிக்கையும் செய்யமாட்டேன்" என்று ஒரு வரி இருக்கும். வாசித்துக் காட்டச் சொல்லாமல் கையெழுத்துப் போட்ட பெண்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இன்னும் தீர்ப்பு வரவில்லை என்றால் நிலைமை வேறு: பரஸ்பர சம்மத விவாகரத்தில் தீர்ப்பு வரும்வரை சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்று 1991இலேயே சுரேஷ்டா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

விசாரணையில் காட்டாத வாட்ஸ்அப் செய்திகள் என்னிடம் இருக்கின்றன. அப்பீலில் கொடுக்கலாமா?

எளிதல்ல. மேல்முறையீடு என்பது கீழ் நீதிமன்றக் கோப்பைச் சரிபார்ப்பது; புது விசாரணை அல்ல. கூடுதல் சாட்சியத்துக்கு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 41, விதி 27இன் கீழ் மனு போட வேண்டும். கீழ் நீதிமன்றம் தவறாக ஏற்க மறுத்தது, எவ்வளவு முயன்றும் அப்போது கிடைக்கவில்லை, தீர்ப்புச் சொல்ல நீதிமன்றத்துக்கே அது தேவைப்படுகிறது ஆகிய மூன்றில் ஒன்று இருக்க வேண்டும். "அப்போது தோன்றவில்லை" என்பது காரணம் ஆகாது. மின்னணு ஆவணத்துக்குச் சான்றிதழும் இணைக்க வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி இப்போது பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவு. கணவன் மனைவி பேச்சை மற்றவருக்குத் தெரியாமல் பதிவு செய்ததையும் விவாகரத்து வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படிப்பட்ட பதிவைக் கீழ் நீதிமன்றம் அதற்கு முன்பே நிராகரித்திருந்தால் அது உங்களுக்கு வலுவான காரணம்.

அவர் போட்ட விவாகரத்து வழக்கும் நான் போட்ட சேர்ந்து வாழும் வழக்கும் ஒரே தீர்ப்பில் முடிந்தன. ஒரு அப்பீல் போதாதா?

இரண்டு போடுங்கள். அவருக்கு விவாகரத்து கொடுத்து, உங்கள் மனுவைத் தள்ளுபடி செய்தது ஒரே பொதுத் தீர்ப்பாக இருந்தாலும், தீர்ப்பாணைகள் இரண்டு. விவாகரத்தை மட்டும் எதிர்த்துவிட்டு உங்கள் மனு தள்ளுபடியானதை அப்படியே விட்டால், அந்தத் தள்ளுபடி இறுதியாகிவிடும். "மனைவி காரணமின்றிப் பிரிந்திருந்தார்" என்று அதில் எழுதப்பட்ட முடிவும் சேர்ந்து இறுதியாகும். அதையே முன்தீர்ப்புத் தடையாக, அதாவது முடிவான விஷயத்தை மறுபடி கிளற முடியாது என்ற வாதமாக வைத்து உங்கள் மற்ற மேல்முறையீட்டையும் எதிர்ப்பார்கள். ஒரே மேல்முறையீடு போதும் என்று சொல்லும் பழைய தீர்ப்புகளும் உண்டு. சின்னச் செலவை மிச்சப்படுத்தி அந்த வாதத்தில் சிக்க வேண்டாம். இரண்டுக்கும் தனித்தனி நகல் மனு, தனித்தனி சி.எம்.ஏ.

நான் ஜெயித்தவன். நான் சும்மா இருக்கலாமா?

இருக்க வேண்டாம். உயர் நீதிமன்றத்தில் கேவியட் மனு போட்டு வையுங்கள். உங்களுக்குத் தெரிவிக்காமல் தடை கொடுக்க மாட்டார்கள். 90 நாள் செல்லும், தேவைப்பட்டால் புதுப்பிக்கலாம். தீர்ப்பில் ஒரு பகுதி மட்டும் உங்களுக்கு எதிராக இருந்து, எதிர்த்தரப்பு மேல்முறையீடு செய்தால், நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் எதிர் ஆட்சேபம் தாக்கல் செய்யலாம்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை.

1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு எதுவும் இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கும் அப்படியே. சென்னையிலும் மதுரைக் கிளையிலும் உயர் நீதிமன்றச் சட்டப் பணிகள் குழு இருக்கிறது. விண்ணப்பம் கொடுத்தால் வழக்கறிஞரை நியமிப்பார்கள். அதற்கும் நாள் பிடிக்கும் என்பதால் காப்பி மனு போட்ட அன்றே இந்த விண்ணப்பத்தையும் கொடுங்கள்.

எவ்வளவு காலம் ஆகும்? ஒவ்வொரு வாய்தாவுக்கும் வர வேண்டுமா?

நோட்டீஸ் சார்வானதிலிருந்து மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று இந்து திருமணச் சட்டத்தின் 21பி பிரிவு சொல்கிறது. நடைமுறையில் ஆண்டுகள் ஆவது உண்டு. தடை, குழந்தை, ஜீவனாம்சம் போன்ற அவசர மனுக்கள் முன்னதாக வரும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீங்கள் வர வேண்டியதில்லை. சமரச மையத்துக்கு அனுப்பினால் மட்டும் கட்டாயம் நேரில் வாருங்கள். கீழ் நீதிமன்றத்தில் ஆலோசகர் முன் எதுவும் நடக்கவில்லை என்பதற்காக இதை அலட்சியப்படுத்தாதீர்கள். தீர்ப்பு ஒன்று கையில் இருக்கும்போது இரு குடும்பங்களும் பேசும் தொனியே மாறியிருக்கும். உயர் நீதிமன்ற அளவில் சமரசமாகி முடிந்த வழக்குகள் நிறைய.

நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். வராமலேயே நடத்த முடியுமா?

முடியும். வக்காலத்தையும் பிரமாணப் பத்திரத்தையும் இந்தியத் தூதரகத்தில் அதிகாரி முன் கையெழுத்திட்டு அனுப்புங்கள். அல்லது ஊரில் இருக்கும் தந்தைக்கோ சகோதரிக்கோ அதிகாரப் பத்திரம் கொடுங்கள். தூதரக முன்பதிவுக்கே நாள் ஆகும் என்பதைக் காலக்கெடுவில் கணக்கிடுங்கள்.

எனக்கு வந்த உத்தரவு மகளிர் நீதிமன்றத்தில், குடும்ப வன்முறை வழக்கில். இதெல்லாம் பொருந்துமா?

பொருந்தாது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் நடுவர் போட்ட உத்தரவுக்கு, அந்த உத்தரவு கையில் கிடைத்த 30 நாளுக்குள், அமர்வு நீதிமன்றத்தில் மேல்முறையீடு. அதேபோல விவாகரத்து வழக்கைச் சார்பு நீதிமன்றம் விசாரித்திருந்தால் முதல் மேல்முறையீடு மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகும். அதன் பிறகே உயர் நீதிமன்றம்.

உயர் நீதிமன்றத்திலும் தோற்றுவிட்டேன். உச்ச நீதிமன்றத்தில் வாய்ப்பு உண்டா?

அரசியலமைப்பின் 136ஆம் கூறின் கீழ் சிறப்பு அனுமதி மனு போடலாம். காலக்கெடு 90 நாள். அது உரிமை அல்ல. ஏற்பதும் மறுப்பதும் உச்ச நீதிமன்றத்தின் விருப்பம். பெரும்பாலானவை முதல் நாளிலேயே தள்ளுபடியாகின்றன.

ஒரு வகை வழக்குக்கு மட்டும் அங்கே தனி வாசல் இருக்கிறது. பத்துப் பதினைந்து ஆண்டுகள் பிரிந்து வாழ்ந்து, சட்டம் கேட்கும் காரணத்தை நிரூபிக்க முடியாமல் கீழே இரண்டு இடத்திலும் விவாகரத்து மறுக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். மீட்க முடியாதபடி திருமணம் முறிந்துவிட்டது என்ற காரணத்தால் 142ஆம் கூறின் கீழ் உச்ச நீதிமன்றமே திருமணத்தைக் கலைக்கலாம் என்று 2023 மே 1 அன்று ஷில்பா சைலேஷ் வழக்கில் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. இந்த அதிகாரம் குடும்ப நீதிமன்றத்துக்கும் இல்லை, உயர் நீதிமன்றத்துக்கும் இல்லை. ஆகவே அங்கே "திருமணம் செத்துவிட்டது" என்பதை மட்டும் வாதமாக வைக்காதீர்கள். கொடுமை, கைவிடுதல் என்று சட்டத்தில் உள்ள காரணத்தைச் சாட்சியத்தோடு வையுங்கள்.

விவாகரத்தை எதிர்த்து நான் போட்ட அப்பீல் நடக்கும்போதே அவர் இறந்துவிட்டார். இனி வழக்கு எதற்கு என்கிறார்கள்.

வழக்கு உயிரோடுதான் இருக்கிறது. அந்தத் தீர்ப்பு நின்றால் நீங்கள் விவாகரத்தான பெண். நீக்கப்பட்டால் அவருடைய விதவை. குடும்ப ஓய்வூதியம், சேமநல நிதி, சொத்தில் பங்கு எல்லாம் இந்த வேறுபாட்டில்தான் இருக்கின்றன. கணவர் இறந்த பிறகும் ஒருதலைப்பட்ச விவாகரத்துத் தீர்ப்பை நீக்கக் கேட்க மனைவிக்கு உரிமை உண்டு என்று 1997இல் எல்லவ்வா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் அடிப்படை இதுதான்.

செய்ய வேண்டியது: இறந்த 90 நாளுக்குள் அவருடைய வாரிசுகளை, அதாவது அவருடைய தாய், பிள்ளைகள், மறுமணம் செய்திருந்தால் அந்த மனைவி ஆகியோரை, எதிர்மனுதாரர்களாகச் சேர்க்க மனு போடுங்கள். தவறினால் மேல்முறையீடு தானாக அற்றுப்போகும். அதன் பிறகு 60 நாளுக்குள் அதை உயிர்ப்பிக்கக் கேட்கலாம். இறப்புச் சான்றிதழ் தர மறுத்தால் உள்ளாட்சி அலுவலகத்தில் நீங்களே விண்ணப்பித்து வாங்கலாம். கூடவே அவர் வேலை பார்த்த அலுவலகத்துக்கு, மேல்முறையீட்டின் எண்ணைக் குறிப்பிட்டு, வழக்கு முடியும்வரை பணப்பலன்களை யாருக்கும் வழங்க வேண்டாம் என்று பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பிவிடுங்கள்.